கழுத்தில் நீர்க்கட்டி என்று ஸ்கான் சொன்னால்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் தைப்பொங்கலுக்கு முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று சங்கிலியின் கொளுக்கியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எச்சில் விழுங்கியபோது கழுத்தின் வலது பக்கம் புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. அன்றிலிருந்து சரியான ரிப்போர்ட் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் வீணாகப் போன காலம். எந்தக் கடுதாசியைக் கேட்டு வாங்க வேண்டும், எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஐந்து மாதமும் நான் நித்திரை இல்லாமல் கிடந்திருக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. முடிவு உங்கள் டொக்டருடையது. ஆனால் அவர் முன்னால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், அந்த ஐந்து நிமிடத்துக்குத் தயாராகப் போவது உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பியில் கட்டி வருவது மிகச் சாதாரணம், பெண்களுக்கு இன்னும் அதிகம், வயது ஏற ஏற இன்னும் அதிகம். அதில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. உள்ளே முழுக்க நீர் மட்டுமே இருக்கிற கட்டியில் புற்றுநோய் இருப்பது மிக மிக அரிது. கவனிக்க வேண்டியது நீரோடு சேர்ந்து சதையும் இருக்கிற கட்டியைத்தான். என்னுடையது அந்த வகை, அதை முதல் ஸ்கான் சொல்லவே இல்லை.

1. முதலில் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை

ஸ்கானுக்கு ஓடுவதற்கு முன்னால், அல்லது அதே கிழமையில், டி.எஸ்.எச். செய்துவிடுங்கள். தைரொயிட் சுரப்பியைத் தூண்டுகிற ஹோர்மோனின் அளவைப் பார்க்கிற பரிசோதனை இது. கிளினிக்கில் இது இல்லாமல் போய் உட்கார்ந்தால் "டி.எஸ்.எச். செய்துகொண்டு வாங்க" என்று அடுத்த திகதி போட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் முதல் மாதம் போனது.

பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு, ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கொஞ்சம் மாறும். ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அவர்களுடைய அளவு அச்சடித்திருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தால் அந்தக் கட்டியே ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேறொரு ஸ்கான், அதாவது கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கிற ஸ்கான், தேவைப்படலாம். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அளவு சரியாகவோ கூடவோ இருந்தால் அந்தப் பயணம் தேவையில்லை.

ஒரு பொறி: முடி கொட்டுவதற்கு, நகம் உடைவதற்கு என்று பார்மசியில் வாங்கிப் போடுகிற பயோட்டின் வில்லைகள் இந்தப் பரிசோதனையின் முடிவைப் பிழையாகக் காட்டலாம். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்துங்கள், எடுத்ததை டொக்டரிடமும் சொல்லுங்கள்.

2. எங்கே போவது, எவ்வளவு போகும்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை, கல்முனையில் இருக்கிற இரண்டு ஆதார வைத்தியசாலைகள், அக்கரைப்பற்று, சம்மாந்துறை, அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை என்று நம் பக்கம் அரச வைத்தியசாலைகளுக்குக் குறைவில்லை. கிட்ட இருப்பதன் ஓ.பி.டி.யில் காட்டினால் சேர்ஜன் கிளினிக்குக்கோ, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கோ, ஹோர்மோன் டொக்டர் இருக்கிற இடமென்றால் அவருக்கோ துண்டு எழுதித் தருவார்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பது, ஸ்கான், ஊசி (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கலங்களை எடுத்துப் பரிசோதிப்பது) எல்லாம் இலவசம். அங்கே நீங்கள் கொடுப்பது நேரம்.

தனியாரில் காசு ஒரே இடத்தில் போவதில்லை. சனல் பண்ணும்போது, அதாவது காசு கட்டி டொக்டரிடம் நேரம் எடுத்துக் காட்டும்போது, டொக்டருடைய கட்டணம் வேறு, அந்த இடத்தின் கட்டணம் வேறு. ஸ்கானுக்குத் தனி. ஊசி குத்தி எடுக்கத் தனி, எடுத்ததை ஆய்வுகூடத்தில் பார்க்கத் தனி. கடைசி இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று தொலைபேசியில் முதலே கேளுங்கள். நான் ஊசிக்கு மட்டும் கேட்டுக் காசு கொண்டு போய், கவுண்டரில் ஆய்வுகூடக் காசுக்கு மச்சாளுக்கு அழைப்பெடுத்து நின்றேன்.

என் கருத்து என்னவென்றால், கையில் கொஞ்சம் காசு இருந்தால் அதைச் சனல் பண்ணுவதில் கரைக்காமல் நல்ல ஸ்கான் ஒன்றுக்குச் செலவழியுங்கள், மற்றதை அரச கிளினிக்கில் செய்யுங்கள். ஸ்கான் சரியாக இருந்தால் பின்னால் வருகிற எல்லாம் சரியாக வரும். கொழும்புக்கு இரவு பஸ் ஏறுவது இந்தக் கட்டத்தில் யாருக்கும் தேவையில்லை.

3. பைலில் என்ன இருக்க வேண்டும்

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, டி.எஸ்.எச். ரிப்போர்ட், பழைய ஸ்கான் எல்லாம், இப்போது குடிக்கிற மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ கொப்பி, ஏனென்றால் சில இடங்களில் மூலப் பிரதியை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பெயரைக் கவனியுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதும் மாறும். என் ஸ்கானில் ஒரு விதம், ஆய்வுகூடத் துண்டில் இன்னொரு விதம், வயதும் இரண்டு கூட. இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டு ரிப்போர்ட்டைத் தர மறுத்தார்கள், நியாயம்தான். பதிகிற இடத்தில் அடையாள அட்டையை நீட்டி "இதில இருக்கிற மாதிரியே போடுங்க" என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, ஸ்கான் படம் வருகிற அந்த மினுமினுப்பான கடுதாசி வெக்கைக்கு மங்கிப்போகும். மட்டக்களப்பு வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்தால் கேட்கவே வேண்டாம். பாதுகாக்கிறோம் என்று அதை லமினேட் பண்ணக் கொடுக்காதீர்கள், முழுக்கக் கறுத்துவிடும். கையில் கிடைத்த அன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

4. ஸ்கான் அன்று

வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை, தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வைக்கவும் தேவையில்லை. அது வயிற்று ஸ்கானுக்கு. கழுத்து திறந்த சட்டை போடுங்கள். சங்கிலி, தாலிக்கொடி கழற்ற வேண்டி வரும், அதனால் கூட வருபவரிடம் கொடுக்கவோ பத்திரமாக வைக்கவோ முதலே யோசித்து வையுங்கள். எனக்கு முன்னால் போன அம்மா தாலியைக் கழற்ற மனமில்லாமல் கதவடியில் நின்று அழுதுவிட்டார். அங்கே இருந்த தாதி கொடியை மேலே தூக்கி நாடியோடு சேர்த்து ஒரு துணியால் பிடித்துக்கொள்ளச் சொன்னார், ஸ்கானும் நடந்தது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

தோளுக்குக் கீழே தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்வார்கள், குளிர்ந்த ஜெல் பூசி உருட்டுவார்கள். நோவு இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம். ஸ்கான் பண்ணுகிறவரிடம் இரண்டே விசயம் கேளுங்கள்: கட்டிக்குள் சதைப்பகுதி இருக்கிறதா, கழுத்தின் நெறிக்கட்டிகளையும் பார்த்தீர்களா. இந்த இரண்டும் ரிப்போர்ட்டில் எழுத்தில் வர வேண்டும்.

5. ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள், நான் இழந்த மாதங்கள் இங்கேதான் இருக்கின்றன. என் முதல் ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே ஒரு வரி: வலது பக்கத்தில் 2.8 சென்டிமீட்டர் நீர்க்கட்டி. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எந்த டொக்டராலும் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இப்போது பல நாடுகளில் கதிரியல் டொக்டர்மார் (ஸ்கான் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர்கள்) பாவிப்பது டைராட்ஸ் என்கிற புள்ளி முறை. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017 இல் வெளியிட்டது. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி, கூட்டி வருவதுதான் வகை.

முதல் கேள்வி கட்டி எதனால் ஆனது என்பது. முழுக்க நீர், அல்லது கிட்டத்தட்ட முழுக்க நீர் என்றால் 0. ஆப்பத்தின் நடுவில் இருக்கிற மாதிரி சின்னச் சின்னக் குழிகளால் நிறைந்திருந்தாலும் 0. இந்த இரண்டு வகைக்கும் கேள்வி இத்தோடு முடிந்தது, ஊசி தேவையில்லை. நீரும் சதையும் கலந்தது என்றால் 1, முழுக்கச் சதை என்றால் 2.

இரண்டாவது, அந்தச் சதைப்பகுதி திரையில் எவ்வளவு கறுப்பு என்பது. சுற்றியிருக்கிற சுரப்பியின் நிறமோ அதைவிட வெளிறலோ என்றால் 1, அதைவிடக் கறுப்பு என்றால் 2, மிகக் கறுப்பு என்றால் 3. மூன்றாவது வடிவம்: அகலத்தைவிட உயரம் கூடி நிமிர்ந்து நின்றால் 3, இல்லையென்றால் 0. நான்காவது ஓரம்: வழுவழுப்பென்றால் 0, கரடுமுரடென்றால் 2, சுரப்பியை விட்டு வெளியே போயிருந்தால் 3.

ஐந்தாவது வெள்ளைப் புள்ளிகள், பயம் வருவது இங்கேதான். வால் நட்சத்திரம் போல் பின்னால் பெரிய வால் இழுக்கிற வெள்ளைப் புள்ளி என்றால் அது கொலொயிட் என்கிற பசை, 0 புள்ளி, நல்ல அறிகுறி. வால் இல்லாத ஊசிமுனைப் புள்ளிகள் என்றால் 3. பெரிய சுண்ணாம்புப் படிவுக்கு 1, ஓரத்தைச் சுற்றிப் படிந்திருந்தால் 2. ரிப்போர்ட்டில் "வெள்ளைப் புள்ளிகள்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வகை என்று திரும்பிப் போய்க் கேளுங்கள்.

கூட்டுத்தொகை 0 என்றால் முதல் வகை, 2 என்றால் இரண்டாம் வகை, இரண்டுக்கும் ஊசி வேண்டாம். 3 என்றால் மூன்றாம் வகை: 2.5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் ஊசி, 1.5 இலிருந்து தொடர்ந்து பார்த்தல். 4 முதல் 6 வரை நான்காம் வகை: 1.5 இலிருந்து ஊசி, 1 இலிருந்து தொடர்ந்து பார்த்தல். 7 உம் அதற்கு மேலும் ஐந்தாம் வகை: 1 சென்டிமீட்டரிலிருந்து ஊசி, அரை சென்டிமீட்டரிலிருந்து தொடர்ந்து பார்த்தல்.

என்னுடையதை இரண்டாவது ஸ்கானில் ஒரு கதிரியல் டொக்டர் பொறுமையாகப் பார்த்தார். பெரிதாக்கிய படத்தில் கறுத்த குளம் மாதிரி நீர், அதன் பின்சுவரிலிருந்து உள்ளே துருத்திக்கொண்டு 7 மில்லிமீட்டரில் ஒரு சதை. நிறம் காட்டுகிற டொப்ளரைப் போட்டதும் அந்தச் சதைக்குள் சிவப்பும் நீலமுமாக இரத்தம் ஓடுவது தெரிந்தது. "நீருக்குள்ள கிடக்கிற இரத்தக்கட்டி எண்டா ஓட்டம் இருக்காது, இது உயிருள்ள சதை, இதைத்தான் ஊசியில எடுக்க வேணும்" என்றார். கலப்புக்கு 1, கறுப்புக்கு 2, மற்றதெல்லாம் 0. மொத்தம் 3, அளவு 2.8. ஆக ஊசி.

ஆனால் நான் அதற்கு முன்னமே ஒரு தடவை ஊசி குத்தியிருந்தேன்.

6. ஊசி: நீரை எடுத்தால் போதாது

அந்த ஒரு வரி ரிப்போர்ட்டோடு நான் போன இடத்தில் ஸ்கான் இல்லாமல் கையால் தடவிப் பார்த்தே ஊசி போட்டார்கள். கோப்பி நிறத்தில் நாலு மில்லிலீட்டர் நீர் வந்தது, கட்டி கண் முன்னாலேயே வற்றிப்போனது. எனக்கு எவ்வளவு சந்தோசம். பன்னிரண்டு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் இரண்டு வரி: புற்றுநோய்க் கலங்கள் காணப்படவில்லை, முடிவு சொல்லப் போதிய கலங்கள் இல்லை. நாங்கள் வீட்டில் முதல் வரியைத்தான் வாசித்தோம். அம்மா மாமாங்கேஸ்வரருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

இரண்டாவது வரிதான் உண்மையான முடிவு. நீரில் கலங்கள் மிகக் குறைவு, பார்க்க வேண்டிய சதையை அந்த ஊசி தொடவே இல்லை. ஐந்து கிழமையில் கட்டி பழைய அளவுக்கே வந்து நின்றது.

அதனால் கலப்புக் கட்டி என்று தெரிந்தால் ஊசிக்குத் திகதி எடுக்கும்போதே "ஸ்கானில பார்த்துக்கொண்டு சதைப்பகுதியில குத்துவீங்களா" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஊசி இரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லியது. குத்தியிருக்கிற நேரம் பேசக்கூடாது, விழுங்கக்கூடாது, இதுதான் கஷ்டம், எச்சில் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று தடவை குத்துவார்கள். பிறகு பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன், கொஞ்சம் கண்டிப்போனது, பனடோல் போட்டேன், அன்றே பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வோபரின், குளோப்பிடோகிரல், அஸ்பிரின் மாதிரி இரத்தத்தை இளக்குகிற மருந்து குடிப்பவர்கள் திகதி எடுக்கும்போதே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், இருதயத்துக்கு ஆபத்து.

எடுத்ததை நீங்களே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், கண்ணாடித் துண்டிலும் போத்தலிலும் பெயரும் பக்கமும் (வலதா இடதா) எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்துவிடுங்கள்.

7. ஊசி ரிப்போர்ட்டை வாசிக்கும் விதம்

பெதெஸ்டா என்று ஒரு எண் இருக்கும், 1 முதல் 6 வரை. 1 என்றால் போதிய கலங்கள் இல்லை, திரும்பச் செய்ய வேண்டும். நீர் மட்டும் வந்த மாதிரியும் இதற்குள்தான் வரும். 2 என்றால் சாதுவான கட்டி, அதாவது புற்றுநோய் இல்லை. 3 உம் 4 உம் நிச்சயமில்லாத நிலை, திரும்ப ஊசியா சத்திர சிகிச்சையா என்று சேர்ஜனோடு பேச வேண்டும். 5 பலத்த சந்தேகம், 6 புற்றுநோய். 5, 6 வந்தாலும் உடைந்து போகாதீர்கள், தைரொயிட் புற்றுநோயில் அதிகம் காணப்படுகிற வகை நன்றாகக் குணமாகக்கூடியது.

1 ஐ 2 என்று நினைக்கிற பிழைதான் நாங்கள் விட்டது. எண் எழுதாத ரிப்போர்ட் வந்தால் பத்தோலொஜி பிரிவில் போய் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எனக்கு இரண்டாவது தடவை 2 வந்தது.

8. கட்டி திரும்பத் திரும்ப நிறைந்தால்

நீர்க்கட்டிகள் வற்றவைத்த பிறகு திரும்ப நிறைவது வழமை, பாதிக்கு மேற்பட்டவை நிறையும். சாதுவானது என்று உறுதியாகி, விழுங்கவோ மூச்சு விடவோ தொந்தரவும் இல்லையென்றால் சும்மா விடலாம். தொந்தரவு இருந்தால், அல்லது பார்வைக்கு உறுத்தினால், ஸ்கானில் பார்த்துக்கொண்டு நீரை இழுத்துவிட்டு சுத்தமான எதனோலை உள்ளே செலுத்துகிற ஒரு முறை இருக்கிறது. சுவர் ஒட்டிக்கொண்டு கட்டி சுருங்கும். இதைச் செய்து பழகிய கதிரியல் டொக்டர் எங்கே இருக்கிறார் என்று உங்கள் சேர்ஜனிடம் கேளுங்கள், எதனோலுக்கு முதல் பெதெஸ்டா 2 கையில் இருக்க வேண்டும். கடைசி வழி பாதிச் சுரப்பியை எடுக்கிற சத்திர சிகிச்சை. அதில் குரல் நரம்பு பாதிக்கப்படுகிற சிறு ஆபத்தும், சிலருக்குப் பிறகு தைரொக்சின் என்கிற தைரொயிட் ஹோர்மோன் வில்லை தேவைப்படுவதும் உண்டு.

டி.எஸ்.எச். சரியாக இருக்கிற ஒருவர் கட்டியைக் கரைக்க என்று தைரொக்சின் குடிக்கக்கூடாது. எண்ணெய் பூசி உருவ வேண்டாம். மரவள்ளியும் கோவாவும் தின்றதால் வந்தது என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். அயடின் உப்புப் பாவிக்கிற வீட்டில், நன்றாக அவித்து அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை என்றுதான் என் டொக்டர் சொன்னார். நான் இப்போதும் மரவள்ளியும் கட்டச்சம்பலும் சாப்பிடுகிறேன்.

9. காத்திருக்கக் கூடாத நேரங்கள்

திடீரென்று நோவோடு சில மணித்தியாலத்தில் கட்டி பெருத்தால் அது பெரும்பாலும் உள்ளே இரத்தம் கசிந்தது, பல வேளை தானாக வடியும், ஆனாலும் அன்றே காட்டுங்கள். மூச்சு இழுக்கக் கஷ்டமென்றால் 1990 க்கு அழைத்து அம்புலன்ஸில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. குரல் கரகரத்து இரண்டு மூன்று கிழமை தெளியாமல் இருப்பது, விழுங்கச் சிரமம், கல் மாதிரி இறுகி அசையாத கட்டி, பக்கத்தில் நெறிக்கட்டிகள், சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்தது, குடும்பத்தில் தைரொயிட் புற்றுநோய் என்று ஏதாவது இருந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள், முந்திப் பார்ப்பார்கள்.

10. அடுத்த ஸ்கான்

டைராட்ஸில் மூன்றாம் வகைக்கு 1, 3, 5 வருடத்தில் ஸ்கான். நான்காம் வகைக்கு 1, 2, 3, 5. ஐந்தாம் வகைக்கு ஐந்து வருடம்வரை வருடா வருடம். மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஸ்கான் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம், மில்லிமீட்டர் கூடிக் குறைவது பிடிக்கிற கையைப் பொறுத்தும் மாறும். முடிந்தால் அதே இடம், அதே டொக்டர்.

வளர்ந்ததா என்று பார்க்க மூன்று அளவும் வேண்டும், நீளம், அகலம், ஆழம். மூன்றையும் பெருக்கி 0.52 ஆல் பெருக்கினால் கனவளவு. என்னுடையது 2.8 × 1.9 × 1.7 × 0.52, கிட்டத்தட்ட 4.7 மில்லிலீட்டர். கனவளவு பாதிக்கு மேல் கூடினால், அல்லது இரண்டு அளவு ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது 2 மில்லிமீட்டரும் கூடினால் வளர்ச்சி என்று எடுப்பார்கள். அதைவிட முக்கியம் சதைப்பகுதியின் அளவு தனியாக எழுதப்பட வேண்டும், நீர் ஏறி இறங்கலாம்.

என் கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் "வலது, 28 × 19 × 17, சதை 7, டைராட்ஸ் 3, பெதெஸ்டா 2" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். எந்த டொக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் முதலில் அதைத்தான் திருப்பிக் காட்டுகிறேன். அடுத்த ஸ்கான் ஆவணியில், அதற்கு முதல் கிழமை டி.எஸ்.எச்.